குடித்த டீயை எழுதுவது எப்படி

"மலையின் மணம், மூடுபனியின் குளுமை, நாக்கில் ஒரு மயக்கம்." டீயைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் பாதி இந்த ரகம்தான். படிக்க நன்றாகவே இருக்கும். அதே பொட்டலத்தை வாங்கி வந்து அடுப்படியில் நிற்கிறவருக்கு மட்டும் ஒரு பிரயோஜனமும் இல்லை. எத்தனை கிராம் போட்டார்கள், என்ன தண்ணீர், எத்தனை நிமிடம், பால் உண்டா இல்லையா? இந்த நான்கும் இல்லாமல் அந்த டீயை இன்னொருவர் மறுபடி போட முடியாது. மறுபடி போட முடியாத டீயை ஆமோதிக்கவும் வழியில்லை, அதோடு சண்டை போடவும் வழியில்லை.

டீக்கென்றே தனி நூல் எழுதியவர்களில் மூத்தவர் 8ஆம் நூற்றாண்டுச் சீனாவின் லூ யூ. தண்ணீர் கொதிப்பதை அவர் மூன்று கட்டமாகப் பிரித்தார். மீன்கண் அளவுக் குமிழி மெல்லிய ஓசையோடு எழுவது முதல் கொதி. பாத்திர விளிம்பில் குமிழிகள் முத்துச்சரமாகக் கோத்து வருவது இரண்டாவது. அலை புரள்வது மூன்றாவது. அதற்கும் மேல் கொதித்த தண்ணீர் ஆகாது. மலை ஊற்று நீர் முதல் தரம், ஆற்று நீர் அடுத்தது, கிணற்று நீர் கடைசி என்றும் வரிசை கொடுத்தார். வெப்பமானி இல்லாத காலத்தில் இதற்கு மேல் துல்லியமாக எழுத முடியாது. ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் ஒரு லண்டன் நாளிதழில் டீக்கு 11 விதிகள் எழுதினார். ஒரு குவார்ட், அதாவது சுமார் 1.1 லிட்டர் பிடிக்கும் கெண்டிக்கு ஆறு குவித்த தேக்கரண்டி என்பது அதில் ஒன்று. தேயிலை ரேஷனில் கிடைத்த காலம் அது. அளவைச் சொல்லிவிட்டதால்தான் இன்றைக்கும் அதைப் போட்டுப் பார்த்து, "இது ரொம்ப ஸ்ட்ராங்" என்று அந்த மனிதரோடு வாதாட முடிகிறது.

முதலில் எடை. தேக்கரண்டியை நம்ப வேண்டாம். டஸ்ட் எனப்படும் பொடித்தூள் கரண்டியில் அடைந்து உட்காரும். ஆர்த்தடாக்ஸ் எனப்படும், பழைய முறையில் உருட்டி நீளமாகச் சுருண்ட இலை இடைவெளி விட்டு நிற்கும். ஒரே கரண்டியில் முன்னது பின்னதைப்போல இரண்டு மடங்கு எடை வருவது சாதாரணம். "ஒரு ஸ்பூன் போட்டேன், தண்ணியாக இருந்தது" என்ற குறிப்பு பெரும்பாலும் டீயின் குறை அல்ல, கரண்டியின் குறை. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் காட்டுவது, இந்த வேலைக்குப் போதும். தேயிலை ருசி பார்க்கும் தொழிலில் இருந்தவர்கள் அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் காசையே எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். அதன் எடை சுமார் 2.8 கிராம். 140 மில்லி தண்ணீருக்கு அவ்வளவு என்றால் 100 மில்லிக்கு 2 கிராம்.

இதே விகிதம்தான் ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரத்திலும் இருக்கிறது. 1980இல் வந்தது. வெள்ளைப் பீங்கான் கெண்டி, 100 மில்லிக்கு 2 கிராம், அப்போதுதான் கொதித்த தண்ணீர், மூடி வைத்து 6 நிமிடம். இதற்கு இணையான பிரிட்டிஷ் தரத்துக்காக அந்த நாட்டுத் தர நிறுவனத்துக்கு 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் கேலிப் பரிசு கொடுத்தார்கள். டீ போட ஆறு பக்கமா என்று கேலி. கேலி செய்தவர்களுக்கு ஒன்று தப்பிவிட்டது. அது நல்ல டீ போடும் முறை அல்ல, இரண்டு டீயை ஒரே தட்டில் வைத்து ஒப்பிடும் முறை. 6 நிமிடம் ஊறினால் எந்த டீயும் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும். குறைகள் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் வெளியே வரட்டும் என்பதற்காகத்தான் அந்த நேரம். ஆகவே நீங்கள் எழுதுவது பரிசோதனைக் கோப்பையா, குடிக்கிற கோப்பையா என்பதைக் குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். குடிப்பதற்கு ஆர்த்தடாக்ஸ் கறுப்புத் தேயிலை என்றால் 3 முதல் 4 நிமிடம். இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய சிடிசி குருணை அதற்குள் சாறு முழுவதையும் விட்டிருக்கும், அதற்கு 2 நிமிடமே போதும்.

தண்ணீரைத்தான் பெரும்பாலோர் எழுதாமல் விடுகிறார்கள். ஆழ்குழாய்த் தண்ணீரில் போட்ட டீயின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம்போல ஒன்று மிதக்கும், ஆறியதும் கோப்பை விளிம்பில் பழுப்பு வளையமாக ஒட்டும். அது எண்ணெய் அல்ல. தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் டீயில் துவர்ப்பு தரும் பாலிபீனால்களோடும் காற்றோடும் சேர்ந்து உண்டாக்கும் ஏடு. அதே தண்ணீரில் சாற்றின் நிறமும் கறுத்து மங்கும். இரண்டு துளி எலுமிச்சை விட்டால் படலம் கரையும், நிறமும் வெளுக்கும். கறுப்புத் தேயிலையின் நிறமிகள் அமிலத்தில் நிறம் மாறுபவை என்பதே காரணம். நேர்மாறாக, உப்பு முழுவதும் உரிக்கப்பட்ட ஆர்ஓ தண்ணீரில் டீ பளபளக்கும், வாயில் வெறுமையாக இருக்கும். "நிறம் மங்கல்" என்று எழுதும் முன் அதே தேயிலையைக் கேன் தண்ணீரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மங்கல் போய்விட்டால் குற்றம் தோட்டத்தில் இல்லை, உங்கள் தெருவில் இருக்கிறது.

கொதிநிலையும் ஊருக்கு ஊர் மாறும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் குன்னூரில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் 93க்கும் கீழே. இலங்கை மலையூரான நுவரெலியாவிலும் குன்னூர்க் கணக்கேதான். மலைமேல் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் குடித்த அதே தூளை வாங்கி வந்து ஊரில் போட்டால் கூடுதல் துவர்ப்பு வருகிறதே, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. ஏமாற்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்கு முன் ஊறும் நேரத்தை அரை நிமிடம் குறைத்துப் பார்க்கலாம்.

பச்சைத் தேயிலைக்கு வேறு கணக்கு. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கேட்டகின்கள் என்ற கசப்புச் சத்துகள் மொத்தமாக இறங்கிக் கசந்துபோகும். 75 முதல் 80 டிகிரி, 2 நிமிடம். வெப்பமானி இல்லையென்றால் இரண்டு பங்கு கொதிநீரில் ஒரு பங்கு அறைச்சூட்டுத் தண்ணீரைக் கலந்தால் ஏறக்குறைய 77 டிகிரி வரும். "பச்சைத் தேயிலை எனக்குப் பிடிக்காது" என்று எழுதுகிறவர்களில் பலருக்குப் பிடிக்காதது கொதிநீரில் வெந்த பச்சைத் தேயிலை.

இனி ருசி பார்ப்பது. கெண்டியைச் சுடுநீரில் அலசிவிட்டுத் தொடங்குங்கள். குளிர்ந்த பீங்கான் தண்ணீரின் சூட்டைப் பல டிகிரி இழுத்துவிடும். நேரம் முடிந்ததும் சாறு முழுவதையும் வெள்ளைக் கோப்பையில் வடித்துவிட்டு, வெந்த இலையைக் கெண்டி மூடியைத் திருப்பி அதன் மேல் கொட்டுங்கள். முதலில் மூக்கு அங்கேதான் போக வேண்டும். சாற்றைவிடச் சக்கைதான் அதிகம் பேசும். செப்புக்காசு நிறத்தில், ஒரே சீராக, பளிச்சென்று இருந்தால் நல்ல தயாரிப்பு. பச்சையும் பழுப்பும் கலந்து திட்டுத்திட்டாக இருந்தால் இலை சீராக உருளவில்லை, அல்லது வெவ்வேறு பதத்தில் பறித்ததை ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். கறுத்து மங்கிக் கிடந்தால் ஆக்சிஜனேற்றம் அளவு மீறிவிட்டது.

சாறு 50, 60 டிகிரிக்கு இறங்கிய பிறகு வாயில் எடுங்கள். அதற்கு மேல் சூட்டில் நாக்குக்குச் சூடு மட்டும்தான் தெரியும். சத்தமாக உறிஞ்ச வேண்டும். வீட்டில் திட்டுவார்கள்தான், ஆனால் அந்த உறிஞ்சலில்தான் சாறு துளித்துளியாகச் சிதறி, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. வாயில் சுழற்றி, துப்பி, பத்து விநாடி காத்திருந்து பிறகு எழுதுங்கள். அதே கோப்பையை வெதுவெதுப்பில் ஒருமுறை, முழுக்க ஆறியபின் ஒருமுறை. ஆறியதும் சில டீ பால் விட்டதுபோலக் கலங்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். காஃபீனும், கறுப்புத் தேயிலையின் நிறமிகளில் ஒன்றான தியாஃபிளேவினும் ஒன்றோடொன்று பிணைந்து படிவதால் வரும் கலக்கம் அது. இரண்டும் நிறைய இருக்கும் டீயில்தான் வரும், பழைய ருசியாளர்கள் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

எழுதும்போது அதிகம் குழம்புவது துவர்ப்பும் கசப்பும். கசப்பு ஒரு ருசி, நாக்கில் தெரியும், காஃபீனுக்கு அதில் பங்குண்டு. துவர்ப்பு ஒரு தொடுவுணர்வு. நாவல்பழம் தின்றபின் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்குமே, அது. பாலிபீனால்கள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வருகிறது. துவர்ப்பு குறையே அல்ல. சுருக்கென்று பிடித்து, சில விநாடியில் விட்டு, வாயைச் சுத்தமாக வைத்தால் அது உயிருள்ள டீ. தியாஃபிளேவின் நிறைந்த டீ அப்படித்தான் இருக்கும். பிடித்தது விடாமல் கரகரவென்று ஒட்டிக்கொண்டிருந்தால்தான் புகார் எழுத வேண்டும். சாற்றின் கனம் வேறு சங்கதி. வாயில் தண்ணீராக ஓடுகிறதா, கொஞ்சம் நிறைந்து நிற்கிறதா என்பதைத் தனி வரியில் எழுதுங்கள்.

"நன்றாக இல்லை" என்பதை அப்படியே விட்டுவிடாமல், எங்கே கெட்டது என்று ஊகிக்கவும் டீயே இடம் கொடுக்கும். வெட்டிய புல்போலப் பச்சை வாசமும் கடுகடுப்பும் இருந்தால், தொழிற்சாலையில் பெர்மென்டிங் என்று சொல்லும் ஆக்சிஜனேற்றத்தைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். (டார்ஜிலிங் முதல் பறிப்பு இதற்கு விலக்கு. அதை வேண்டுமென்றே பலமாக வாட வைப்பதால் இலை முழுவதும் கறுக்காது. பச்சை மணம்தான் அதன் அடையாளம்.) மென்மையாக, எதிர்ப்பே இல்லாமல், மந்தமாக இருந்தால் அது நேரம் கூடிப்போனது. வேகவைத்த கீரையின் சாயல் வந்தால் இலையை உலர்த்தும் டிரையரில் சூடு போதவில்லை. ஈரச்சூட்டில் இலை நின்று புழுங்கியிருக்கிறது. தீய்ந்த ரொட்டி மணம் இதற்கு நேரெதிர், சூடு அதிகம். புகை மணம் என்றால் பெரும்பாலும் அடுப்புப் புகை எங்கோ கசிந்து டிரையரின் காற்றில் கலந்திருக்கிறது. ஆனால் புகைபோட்டே தயாரிக்கும் சீன லாப்சாங் டீக்கு இதைக் குறையாக எழுதினால் சிரிப்பார்கள். பூஞ்சை வாசம் ஈரத்தால். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது தேயிலையில் ஈரப்பதம் 3 சதவீத அளவில்தான் இருக்கும். அதன்பின் ஏறியதெல்லாம் கிடங்கிலும் கடையிலும் உங்கள் சமையலறையிலும் ஏறியது.

அதனால் எத்தனை நாளாகத் திறந்திருக்கும் பொட்டலம் என்பதையும் எழுதுங்கள். சீரகம், பெருங்காயம் இருக்கும் அலமாரியில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்த தூளில் "மசாலாச் சாயல்" கண்டுபிடித்து எழுதினால் அது தோட்டத்துக்குச் செய்யும் அநியாயம்.

பொட்டலத்தின் மேலிருக்கும் எழுத்துகள் பலரை ஏமாற்றுகின்றன. ஓபி (ஆரஞ்சு பீக்கோ, முழு இலை), பிஓபி (உடைந்த இலை), பிஓபிஎஃப் (அதைவிடச் சிறு துணுக்கு), டஸ்ட் என்பவை அடிப்படையில் சல்லடையில் பிரித்த அளவுகள், ருசிக்கு வாங்கிய மதிப்பெண்கள் அல்ல. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் வந்த பிஓபிஎஃப், ஓபியைவிடக் கனமான சாறு கொடுக்கும். துகள் சிறிதானால் பரப்பு அதிகம், சாறு வேகமாக இறங்கும். அவ்வளவுதான் விஷயம். டஸ்ட் என்றால் குப்பை என்று எழுதுகிறவர்கள் நம்மூர் டீக்கடைகள் எதில் ஓடுகின்றன என்று ஒருநாள் எட்டிப் பார்க்கலாம்.

தோட்டத்தின் பெயரைவிட மாதம் முக்கியம். டார்ஜிலிங்கில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பறிப்பதும் மே, ஜூனில் பறிப்பதும் இரண்டு வேறு டீ. பின்னதன் பேர்பெற்ற திராட்சை மணத்துக்குத் தத்துப்பூச்சிகள் இலையைக் கடிப்பதும் ஒரு காரணம். இலங்கையின் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தின் டீயில் வலித்தைலத்தின் மணம் வரும். தைலத்திலிருக்கும் மெதில் சாலிசிலேட்டேதான் இலையிலும் உருவாகிறது. தெரியாதவர் அதைக் கலப்படம் என்று எழுதிவிடுவார். அந்த மணத்துக்காகவே விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கை மலைநாட்டின் மேற்குப்பக்கத்துத் திம்புளைக்கு நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனிக்காலத்து டீயே வாசனையில் உச்சம். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதுதான் காரணம். அங்கே மழைக்காலத்தில் வேகமாக வளர்ந்த இலையின் சாறு தண்ணியாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. நீலகிரியில் சிறு விவசாயிகள் ஏராளம். அவர்கள் பறித்த இலையை விலைக்கு வாங்கித் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் பல தோட்டத்து இலைகள் ஒன்றாகக் கலக்கும். அந்த டீக்கு "தனித்தோட்டத்தின் தனித்தன்மை" என்று எழுதுவது கற்பனை. இரண்டு இலை ஒரு மொட்டு மட்டும் பறிப்பது என்பதும் எல்லா டீக்கும் பொருந்தாது. ஆள் பற்றாக்குறையால் கத்தரியால் வெட்டி எடுக்கும் தோட்டங்கள் நிறைய. முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து வரும், சாற்றின் கனம் குறையும். ஆர்த்தடாக்ஸ் என்றால் வெந்த சக்கையை விரித்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

பால் டீயைப் பற்றி எழுதுவோர் குறைவு. நம் ஊரில் குடிப்பதெல்லாம் அதுதான், எழுதுவது மட்டும் கறுப்பு டீ! பால் டீக்கும் முறையான குறிப்பு எழுதலாம். டோன்டு பாலா, ஃபுல் கிரீமா என்பது முதல் வரி. முன்னதில் கொழுப்பு 3 சதவீதம், பின்னதில் 6, ஒரே தூள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்காது. பாலும் தண்ணீரும் என்ன விகிதம், சேர்த்துக் கொதித்ததா, டிகாஷன் தனியாக இறக்கிப் பால் ஊற்றியதா, தூள் போட்டபின் எத்தனை நிமிடம் கொதித்தது, சர்க்கரை எத்தனை கிராம். அடுப்பில் ஆவியாகிப் போவதால் ஊற்றிய அளவை மட்டும் எழுதினால் போதாது, கடைசியில் எத்தனை மில்லி கிடைத்தது என்றும் எழுத வேண்டும். பால் சேர்த்தபின் நிறத்தைப் பாருங்கள். செம்பொன்னாக உயர்ந்து வந்தால் நல்ல தூள். சாம்பல் பூத்த பழுப்பாக இறங்கினால் பழைய தூள் அல்லது மந்தமான தயாரிப்பு. பாலின் புரதமான கேசீன் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் பால் டீயில் துவர்ப்பு குறையத்தான் செய்யும். அதன் பிறகும் மிஞ்சி நிற்பதே அந்தத் தூளின் உண்மையான பலம். டிகாஷனில் பிறகு பால் சேர்ப்பதானால் சாறு 65 முதல் 80 டிகிரிக்குள் இருக்கும்போது சேர்க்கச் சொல்கிறது அந்த ஐஎஸ்ஓ தரம். அதைவிடச் சூட்டில் பாலின் புரதம் வெந்து ருசி மாறும்.

இஞ்சி டீ திரிந்துபோனால் பாலைக் குறை சொல்வதற்குமுன் எப்போது இஞ்சி போட்டீர்கள் என்று பாருங்கள். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு. வெதுவெதுப்பான பாலில் அது வேலை செய்து பாலைத் திரித்துவிடும். தண்ணீரில் இஞ்சியை 3 நிமிடம் கொதிக்கவிட்டுப் பிறகு பால் ஊற்றினால் நொதி செத்துவிடும். வெல்லம், கருப்பட்டியும் கொதிக்கும் பாலில் ஆபத்து, அடுப்பை அணைத்தபின் கலக்கவும்.

எல்லாம் சேர்ந்தால் குறிப்பு இந்த நீளம்தான் வரும்:

"குடிக்கிற கோப்பை. நீலகிரி ஆர்த்தடாக்ஸ், பிஓபி, ஜனவரிப் பறிப்பு. பொட்டலம் திறந்து 4 நாள். 3 கிராம், 150 மில்லி கேன் தண்ணீர், சென்னை, கொதிநிலை. பீங்கான் கெண்டி, மூடி 4 நிமிடம், பால் சர்க்கரை இல்லை. சக்கை லேசான பச்சைச் சாயலோடு செம்பு நிறம், சீரானது. சாறு வெளிர் ஆரஞ்சு, தெளிவு. சூட்டில் மல்லிகைச் சாயல், ஆறியதும் நார்த்தைத் தோல். துவர்ப்பு சுருக்கென்று பிடித்து உடனே விடுகிறது. கனம் குறைவு. பாலுக்குத் தாங்காது."

மணத்துக்கு உவமை தேடும்போது வாசிப்பவர் முகர்ந்த பொருளாகச் சொல்லுங்கள். நார்த்தை, மரிக்கொழுந்து, வெல்லப்பாகு, ஈர வைக்கோல், வறுத்த உளுந்து. பிளாக்கரன்ட் என்று எழுதினால் நம்மில் எத்தனை பேருக்கு மூக்கில் ஏறும்? உடல் எடை குறையும், இதயம் பலப்படும் என்ற வரிகளை விட்டுவிடுங்கள். ஒரு கோப்பையை ருசி பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஒற்றைக் கோப்பையை வைத்து எழுதுவதைவிட, நன்கு பழகிய ஒரு டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது பத்திரம். "கனம் குறைவு" என்றால் எதைவிட என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். விலை உயர்ந்த டீ உண்மையிலேயே வேறாகத் தெரிகிறதா என்ற சந்தேகம் வந்தால் மூன்று கோப்பை வையுங்கள். இரண்டில் ஒரு டீ, ஒன்றில் மற்றது, மூன்றிலும் ஒரே எடை, ஒரே நேரம். கோப்பைக்கு அடியில் வேறொருவர் குறியிடட்டும். தனித்திருப்பது எது என்று ருசித்துச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தரம் சரியாக வந்துவிடும். அதனால் ஒருமுறை கண்டுபிடித்ததை வைத்து எழுதிவிடாமல், கோப்பைகளை இடம் மாற்றி ஐந்தாறு முறையாவது செய்ய வேண்டும். நடுவில் வாயைக் கொப்பளிக்க வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும்.